தோய்க்கக் கூடாத பாவாடை

எங்கள் பக்கத்து வீட்டுக் கிரேக்க அக்கா பங்குனி மாதம் வந்தால் வேறு ஆளாகிவிடுவார். மற்ற மாதங்களில் கறுப்புச் சட்டையும் கறுப்புச் சப்பாத்துமாகத் தக்காளிக் கன்றுகளுக்கு நடுவே குனிந்து நிற்பவர், பங்குனி பிறந்ததும் வீட்டு முகப்பில் நீலமும் வெள்ளையுமான கொடியைக் கட்டுவார். குசினியில் உப்பு மீன் ஊறும். அந்த மணம் வேலி தாண்டி எங்கள் வீட்டுக்குள் வரும். கருவாடு தின்று வளர்ந்த எனக்கு அது ஒன்றும் செய்யாது. மகள்தான் யன்னல்களைச் சாத்திக்கொண்டு திரிவாள்.

பங்குனி இருபத்தைந்து, இங்கிலீஷ் கணக்கில் மார்ச் இருபத்தைந்து, அவர்களுடைய சுதந்திர நாள். பல நூறு வருஷம் துருக்கிக்காரருக்குக் கீழே இருந்துவிட்டு, எழும்பிச் சண்டை பிடித்து நாட்டை மீட்டதையும், அந்தச் சண்டையில் செத்தவர்களையும் நினைக்கிற நாள். வானத்திலிருந்து சம்மனசு வந்து மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாளும் அன்றைக்குத்தான். வேதக்காரியான எனக்கும் அது திருநாள். அதனால்தானோ என்னவோ, இந்த ஊருக்கு வந்த புதிதில் அக்கா வேலிக்கு மேலால் பொரித்த மீனும் உள்ளி அரைத்த மசியலும் நீட்டியபோது, தபசு காலத்தில் மீன் தருகிற இந்த மனுசி நம்மடை ஆள்தான் என்று எனக்குப் பட்டது.

நாங்கள் இருப்பது மெல்போர்னில், ஓக்லிப் பக்கம். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அக்கா அவ்வளவும் படிக்கவில்லையாம். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கதைக்க வெட்கம். தனியே இருந்தால் நன்றாகக் கதைப்போம். அவர் சொன்னதை இங்கே தமிழில் ஒழுங்காக எழுதுகிறேன், உண்மையில் அது பாதி சொல்லும் பாதி கைச்சாடையுமாகத்தான் இருக்கும். அவர் என்னை 'கோரி மூ' என்று கூப்பிடுவார். 'என்ரை பெட்டை', என்ரை பெண்பிள்ளை என்று அர்த்தமாம். எழுபது கடந்த என்னை இந்த உலகத்தில் பெட்டை என்று கூப்பிட வேறு ஒருவரும் மிச்சமில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வழக்கம். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் மற்றவர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

"இன்னும் கொஞ்சம் போடுறேன்" என்பார் அக்கா.

"வேண்டாம் அக்கா. வயிறு நிறைஞ்சிட்டுது."

"குச்சி மாதிரி இருக்கிறாய். சாப்பிடு."

இரண்டாம் தரம் வேண்டாம் என்பேன். அதற்குள் என் பீங்கானில் விழுந்துவிடும். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் நானும் அப்படித்தான். வேண்டாம் என்று கையை விரித்துப் பீங்கானை மூடுவார், நான் விரல்களுக்கு நடுவாலே இடியப்பத்தை வைத்துவிடுவேன். வேலிக்கு மேலால் போகிற பீங்கான் ஒரு நாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. அவருடைய பீங்கானில் பணியாரம் போகும், என்னுடையதில் தக்காளி வரும். இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'வேண்டாம்' என்ற சொல்லை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பது தெரிய வேண்டும்.

போன வருஷம் மாசிக் கடைசியில் அக்கா தக்காளிக்கு நட்ட தடியில் தடக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு உடைந்து பிளாஸ்ரர் போட்டார்கள். நான் தினமும் போய்ப் பாத்திரம் கழுவி, கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக் கொடுத்தேன். சுதந்திர நாள் நெருங்கிய ஒரு காலை, என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, அலுமாரியிலிருந்து தலையணை உறை ஒன்றை இடக்கையால் இழுத்து எடுத்து மேசையில் வைத்தார்.

உள்ளே இருந்தது ஆம்பிளைப் பாவாடை. கிரேக்க நாட்டில் அந்தக் காலத்தில் மலைக்குள் ஒளித்திருந்து சண்டை பிடித்தவர்கள் கட்டியதாம். முழங்கால் வரை வரும். முழு வெள்ளை. மடிப்பென்றால் அப்படி ஒரு மடிப்பு நான் கண்டதில்லை. நானூறு மடிப்பு, அடிமையாக இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்று என்று அக்கா சொல்வார். நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் இதைக் கட்டிக்கொண்டுதான் அவருடைய மகன் நடப்பான். முன்பு அக்காவின் மனிசன் கட்டி நடந்தது. மனிசன் சண்டை பிடித்தவர் இல்லை, இங்கே கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர். செத்தவர்களை மறக்கக் கூடாது என்று வருஷா வருஷம் நடந்தவர்.

"ஒவ்வொரு வருஷமும் நான்தான் அயன் பெட்டி பிடித்து மினுக்குவேன்" என்று சொல்லி அக்கா பிளாஸ்ரர் கையைத் தூக்கிக் காட்டினார். "இந்த வருஷம் பார். மகனுக்குக் குழாய் பூட்டத்தான் தெரியும். கோரி மூ, உனக்கு மினுக்கத் தெரியுமா?"

எனக்கு மினுக்கத் தெரியுமா என்று! எனக்கு இந்த உலகத்தில் தெரிந்தது அது ஒன்றுதான். படிப்பு நின்ற பிறகு கலியாணம் கட்டும் வரைக்கும் கன்னியாஸ்திரி மடத்தில் துணி தோய்த்தவள் நான். பீடத்து விரிப்பு, சுவாமிமாரின் அங்கி எல்லாம் என் கையால்தான் போகும். கஞ்சி போட்டு, நீலம் போட்டு, வெயிலில் விரித்து எடுத்தால் கண் கூசும். ஆஸ்திரேலியா வந்து இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் ஒன்று தெரியுமா என்று கேட்டதில்லை. வங்கி அட்டையும் பாவிக்கத் தெரியாது, பஸ் அட்டையும் பாவிக்கத் தெரியாது, எல்லாவற்றுக்கும் மகளின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள். அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"தெரியும் அக்கா. நல்லாத் தெரியும்."

"மினுக்கினால் போதும். தோய்க்க வேண்டாம்."

"ஓம் அக்கா."

"தண்ணீரே வேண்டாம். மினுக்க மட்டும்."

"ஓம், ஓம்."

பாஷை விளங்கவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. விளங்கியது. கையாலும் காட்டினார். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்த்தபோது துணி மங்கி மஞ்சளடித்திருந்தது. இடப்பக்கத்து மடிப்பொன்றின் உள்ளே கை அகலத்துக்கு மண்ணிறக் கறை. நாட்டுக்காகச் செத்தவர்களை நினைக்கப் போகிற துணி இப்படியா போவது? பாவம், எனக்குப் பாரம் தரக் கூடாது என்றுதான் அக்கா தோய்க்க வேண்டாம் என்றிருக்கிறார். சாப்பாட்டுக்கு வேண்டாம் என்பது மாதிரி. அப்படித்தான் என் புத்தி போனது.

மகள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அடுத்த நாள் காலையில் வெளிக்கிட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தவள் அடுப்பில் கஞ்சிப் பானையைக் கண்டாள்.

"என்னம்மா, ஆருக்குக் காய்ச்சல்?"

"ஒருத்தருக்கும் இல்லை. அக்கான்ரை பாவாடைக்கு."

"மினுக்கத்தானே தந்தவ எண்டு சொன்னீங்கள்?"

"தோய்க்க வேண்டாமெண்டவதான். அது சும்மா. எனக்கு வேலை வைக்கக் கூடாதெண்டு சொன்னது."

"அம்மா, இஞ்சை ஆக்கள் வேண்டாமெண்டா வேண்டாம்தான்."

"அவ இஞ்சத்தை ஆளோ? அவவும் எங்களை மாதிரித்தான்."

"நல்லா வந்து மாட்டப் போறியள்" என்று சிரித்துக்கொண்டு கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

மிசினில் போடவில்லை. குளியலறைத் தொட்டியில் கையால் தோய்த்தேன். மஞ்சள் சுகமாகப் போய்விட்டது. அந்தக் கறை மட்டும் போக மாட்டேன் என்று நின்றது. தேசிக்காயைப் பிழிந்து உப்பும் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் விரித்தேன். காய்ந்ததும் பார்த்தேன், இன்னும் நிழல் மாதிரித் தெரிந்தது. திரும்பவும் தேசிக்காய், திரும்பவும் வெயில். நானும் விடவில்லை. சுவாமியின் அங்கியில் விழுந்த வைன் கறையையே எடுத்தவள், இதற்கு விடுவேனா? பின்னேரம் பார்க்கும்போது இருந்த இடமே தெரியவில்லை. எனக்குப் பெருமை. பாட்டுக்கூடப் பாடியிருப்பேன்.

பிறகு ஸ்பிரிங்வேல் கடையில் வாங்கி வைத்திருந்த நீலத்தை அளவாகக் கரைத்து, வடித்த கஞ்சியில் அமிழ்த்தி எடுத்தேன். மினுக்க இரண்டு நாள் எடுத்தது. ஒரு மடிப்புக்கு மேல் ஒரு மடிப்பு, அயன் பெட்டியின் நுனியாலே. இடுப்பு நொந்தது. தூக்கிப் பிடித்தால் பாவாடை தானாகவே விரிந்து நின்றது.

சனிக்கிழமை மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். அக்கா குசினி மேசையில் இருந்தார். துணியை எடுத்தேன். அவர் எழும்பி வந்து இடக்கையால் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்தார். என் வேலையைப் பார்க்கிறார் என்று நினைத்து, 'கஞ்சி, கஞ்சி, அரிசித் தண்ணி' என்று நான் விளங்கப்படுத்திக்கொண்டு நின்றேன். அவர் இடப்பக்கத்துக்குத் திரும்பவும் வந்தார். திரும்பவும் விரித்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தோய்த்தாயா?"

"ஓம் அக்கா. நல்லா வெளுத்திட்டுது, என்ன?"

அவர் கதிரையில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் பாவாடையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். பிறகு, "நன்றி, கோரி மூ. கை நோகப்போகுது, போய்ப் படு" என்றார். கோப்பி குடி என்று சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து நான் கோப்பி குடிக்காமல் வந்தது அன்றைக்குத்தான். கை நோவில் மறந்துபோனார் என்று நினைத்தேன்.

மறுநாள் அக்காவின் மகன் தன் வான் வண்டியில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனான். போருக்குப் போய்ச் செத்தவர்களுக்காக இந்த ஊரார் கட்டிய பெரிய கல் மண்டபத்தில்தான் கிரேக்க ஆட்களின் ஊர்வலம் போய் முடியும். ஷ்ரைன் என்பார்கள். மரங்களுக்குக் கீழே அக்காவுக்கு மடக்குக் கதிரையைப் போட்டுவிட்டு மகன் நடக்கப் போனான். நான் பக்கத்தில் நின்றேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீலமும் வெள்ளையுமாக வந்தார்கள். பொம்பிளைகள் காசுமாலை குலுங்க வந்தார்கள். பிறகு பாவாடை கட்டிய ஆம்பிளைகள், குஞ்சம் வைத்த சப்பாத்தோடு, டக் டக் என்று. மகனுக்கு வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தாலும் ராசா மாதிரித்தான் வந்தான். அந்த வரிசையில் மற்ற எல்லோருடைய பாவாடையும் பழந்துணி மாதிரி இருந்தது. அவனுடையது மட்டும் பளீரென்று, அடி எடுத்து வைக்க வைக்க விரிந்து விரிந்து மூடியது. தெருவோரத்தில் நின்ற பொம்பிளைகள் அக்காவிடம் குனிந்து குனிந்து கேட்டார்கள். அவர் என்னைக் காட்டினார்.

"இவள்தான். என்னுடைய சிநேகிதி."

ஒரு பொம்பிளை என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். இன்னொருத்தி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு முகம் சிவந்து, எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

மலர்வளையம் வைத்து, பாட்டுப் பாடி, சுவாமியார் செபம் சொல்லி எல்லாம் முடிந்தபிறகு புல்லில் எல்லோரும் கூடி நின்றார்கள். மகன் கடதாசிக் கோப்பையில் கோப்பியோடு வந்தான். கையை முழு நீளத்துக்கும் நீட்டிப் பிடித்திருந்தான்.

"பாத்தீங்களா அன்ரி, எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறேன்" என்று சிரித்தான். "அப்பா கடைசியாக நடந்த வருஷம் இதே இடத்தில்தான் கோப்பியை மேலே கொட்டினார். கை நடுங்கத் தொடங்கியிருந்தது, எங்களுக்குத் தெரியாது. அம்மா இவ்வளவு சனத்துக்கும் முன்னால் அவரை ஏசினா. பிறகு கொஞ்ச நாளில் அப்பா போய்ச் சேர்ந்திட்டார். அதற்குப் பிறகு இதைத் தோய்க்க அம்மா விட்டதே இல்லை. மடிப்புக்குள் மறைத்துத்தான் கட்டி வந்தேன். நான் எவ்வளவு கேட்டிருப்பேன், விடவேயில்லை. நீங்கள் எப்படிச் சம்மதிக்க வைத்தீங்கள்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பதில் தெரியாத இடத்திலெல்லாம் சிரிக்கிற சிரிப்பு ஒன்று எனக்கு இருக்கிறது. அதைச் சிரித்தேன்.

பதினைந்து அடி தள்ளி அக்கா கதிரையில் இருந்தார். யாரோ கொடுத்த கொடியை இடக்கையில் பிடித்திருந்தார். அவர் எங்களைப் பார்த்தார். மகன் எனக்கு எதைச் சொன்னான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கிடையிலும் ஒரு கிழவி வந்து என் தோளைத் தட்டி, "பனி மாதிரி! பனி மாதிரி!" என்றாள்.

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று மனதைத் தேற்றவும் வழியில்லை. ஏனென்றால் இந்த உலகத்தில் ஒருத்திக்கு இது தெரிந்திருக்க வேண்டுமானால் அது எனக்குத்தான்.

என் மனிசன் கடலுக்குப் போய்ச் செத்தவர். எங்கள் நாட்டில் சண்டைக் காலம். சுட்டது ஆரென்று கேட்க ஆரும் இல்லை. போகிற அன்று காலையில் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டுப் போன சேட் ஒன்று இருந்தது. வியர்வையும் மீனும் சுருட்டும் மணக்கும். செத்த வீட்டுக்கு வந்து நின்ற சின்னம்மா, நான் நினைவில்லாமல் கிடந்த நேரம், வீடு முழுக்கக் கழுவி, அந்தச் சேட்டையும் தோய்த்து, நீலம் போட்டு, மினுக்கி, மடித்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. "பிள்ளை, எவ்வளவு ஊத்தை தெரியுமே. இப்ப பார்" என்றா. நான் அதை மூக்கில் வைத்தேன். சவர்க்காரம் மணந்தது. அன்றைக்குப் பிறகு நான் சின்னம்மாவோடு கதைக்கவில்லை. கோயிலில் கண்டால் மற்றப் பக்கம் திரும்புவேன். அவ என்ன குற்றம் செய்தா என்று கடைசி வரைக்கும் அவவுக்கு விளங்கவில்லை. அவ சாகக் கிடக்கிறா என்று ஆள் அனுப்பினார்கள். அப்போதும் போகவில்லை.

எங்கள் ஆட்களுக்கும் நினைவு நாள் இருக்கிறது. கார்த்திகை மாதம் மண்டபம் எடுத்து விளக்கேற்றுவோம். போர்க்களத்தில் நின்றவர்களின் படங்கள் மேசையில் இருக்கும். என் மனிசன் சண்டை பிடித்தவர் இல்லை, அவருக்கு அங்கே படமில்லை. வைக்கட்டோ என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. கடைசிக் கதிரையில் இருந்து, அவர்களுடைய விளக்கிலேயே என் மனிசனையும் நினைத்துவிட்டு வருவேன். அக்காவின் மனிசனும் அப்படித்தான். பழைய வீரர்களுக்காக எல்லோரும் நடந்த அந்த ஊர்வலத்துக்குள் அக்காவுக்கென்று இருந்தது கை அகலக் கறை ஒன்று. அதைத்தான் நான் தேசிக்காய் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது வான் வண்டியில் நித்திரை வந்தவள் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

இருபத்தைந்தாம் தேதி வழக்கம்போலப் பொரித்த மீன் வந்தது. மகன்தான் கொண்டுவந்து தந்தான். எனக்கு ஒரு துண்டும் இறங்கவில்லை. மகள் தின்றாள். பீங்கானைக் கழுவித் துடைத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். அதில் எதை வைத்துத் திருப்பிக் கொடுப்பது? பணியாரத்தை வைத்துக்கொண்டு போய் நிற்கிற முகமா எனக்கு?

அதற்குப் பிறகு நான் ஒளிக்கத் தொடங்கினேன். உடுப்பை வெளியே காயப்போடாமல் உள்ளே கதிரைகளில் விரித்தேன். குப்பை வாளியை இருட்டின பிறகு தள்ளினேன். பாத்திரம் கழுவிக் கொடுக்கப் போகவில்லை. உடைந்த கையோடு மனுசி என்ன செய்கிறாரோ என்று மனம் அடிக்கும், கால் போகாது. ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நான் இந்தப் பக்கம் கறிவேப்பிலை மரத்துக்குக் கீழே குந்திவிட்டேன். எழுபது வயதில் குந்தி ஒளித்தேன். அவர் உள்ளே போன பிறகு எழும்ப முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

உயிர்த்த ஞாயிறும் போனது. மகள் அலுமாரிக்கு மேலே பார்த்தாள்.

"இந்தப் பீங்கான் ஏன் இன்னும் இஞ்சை கிடக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சின்னம்மாவைத் தவிர. நல்லா மாட்டுப்பட்டீங்கள் என்று சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மன்னிப்புக் கேட்டீங்களா? சொறி சொன்னீங்களா?"

"எப்பிடிச் சொல்லுறது? நீ வந்து சொல்லித் தாவன்."

"நான் சொன்னா அது என்ரை சொறி. நீங்கள் போய்ச் சொல்லுங்கோ." கொஞ்சம் பொறுத்து, "அவவுக்குப் பிளாஸ்ரர் கழட்டிப்போட்டினம். கண்டனான். அதுக்கும் நீங்கள் எட்டிப் பாக்கேல்லை" என்றாள்.

அது சுட்டது. அடுத்த நாள் பின்னேரம் பீங்கானை எடுத்தேன். மாவறுத்துப் பணியாரம் சுட நினைத்து, அரிசியை எடுத்தவள் திரும்பக் கொட்டிவிட்டேன். பலகாரத்தைக் கொடுத்து வாயை மூடப் பார்க்கிற மாதிரி இருந்தது. வெறும் பீங்கானோடு போனேன்.

அக்கா கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்க முதல் பீங்கானைப் பார்த்தார்.

"வெறுமை?"

"வெறுமைதான் அக்கா."

"உன்னுடைய நாட்டில் அரிசி முடிந்துவிட்டதா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. வாசலில் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்களை ஒவ்வொன்றாகக் கோர்த்தேன். என் மனிசன். அவருடைய சேட். என் சின்னம்மா. தோய்த்தா. மணம் போய்விட்டது. நான் கோபம். கதைக்கவில்லை. அந்த நோவு தெரிந்த நான், உங்களுக்கு அதே வேலையைச் செய்தேன். நீங்கள் வேண்டாம் என்றது விளங்கியது. விளங்கியும் செய்தேன். எனக்கு வெட்கம் அக்கா.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பாதி விளங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேட்டது சரியான கேள்வி.

"அந்தச் சின்னம்மாவோடு எவ்வளவு காலம் கதைக்கவில்லை?"

"அவ சாகும் வரைக்கும்."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லை."

அக்கா வாயால் காற்றை ஊதினார். "எனக்கு எண்பத்தைந்து வயது. என்னால் அவ்வளவு காலத்துக்கு ஏலாது" என்றார். பிறகு சுட்டு விரலை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். "ஆனால் எனக்குக் கோபம்தான். தெரிகிறதா? கனக்கக் கோபம்."

"ஓம் அக்கா."

"இன்றைக்கும் கோபம். நாளைக்கும் கோபம். நாளைக்கும் வா."

"வாறன் அக்கா."

"இப்போது உள்ளே வா. கதவுக்குள்ளாலே இலையான் பறந்து வருது."

குசினி மேசையில் இருத்தினார். பிளாஸ்ரர் கழற்றிய கை மெலிந்து வெளிறி இருந்தது. அந்தக் கையாலே அடுப்பில் சின்னப் பாத்திரத்தை வைத்துக் கோப்பி காய்ச்சினார். நான் செய்கிறேன் என்று எழும்பினேன். வேண்டாம் என்றார். நான் இருந்துவிட்டேன். ஒரு தரம் சொன்னதிலேயே கதிரையில் இருந்துவிட்டேன். அதைக் கண்டு அவர் வாயின் ஓரம் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது.

கோப்பையைக் கொண்டுவந்து வைக்கும்போது அந்தக் கை நடுங்கியது. வெள்ளை மேசை விரிப்பில் கோப்பி சிந்தியது. என் கை தானாகவே சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு" என்றார்.

கையை எடுத்து மடியில் வைத்தேன். அவரும் எனக்கு எதிரே கதிரையில் இருந்தார். அந்தக் கறை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே மெல்ல மெல்ல ஊறிப் பரவியது. கோப்பியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் எங்களில் ஒருவரும் அதைத் துடைக்கவில்லை.